வேடிக்கை பார்க்கப் போகிறவர் கையைக் காட்டவும்

இலங்கைக்குப் போக அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் வேண்டாம். கை வேண்டும். இடது கை, தோளுக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு. அந்த இடத்தில் அம்மை குத்திய புண் நன்றாக எழும்பி, கொப்புளமாகவாவது பொருக்காகவாவது இருக்க வேண்டும். அது இருந்தால் ராஜா மாதிரிக் கப்பல் ஏறலாம். இல்லாவிட்டால் மண்டபம் முகாமில் உட்கார வேண்டியதுதான். நான் உட்கார்ந்தேன்.

இரண்டாவது யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது இது. மதுரை வில்லாபுரத்துக்குத் தெற்கே எனக்குச் செங்கல் சூளை. தங்கை செல்லம்மாவை இலங்கையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. மழை பெய்தால் சுடாத பச்சைக் கல் கரையும், வெயில் அடித்தால் சூளைக்குத் தீ வைக்கணும். போகாமல் இருக்கக் காரணத்துக்கா பஞ்சம்?

அவள் மகள் மீனாவுக்கு மூன்று வயது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காது குத்து என்று கடிதம் வந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். போடுகிற கம்மலும் தாய்மாமன் கொண்டு வந்ததாக இருக்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் செல்லம்மா தன் கையால் நாலு வரி எழுதியிருந்தாள். “அண்ணே, எங்க மாமியா நாலு பேரு முன்னால என்னைய நாதியத்தவள்னு சொல்லுது. கல்யாணத்துக்கு அப்பறம் பொறந்த வீட்டு ஆளு ஒருத்தர் முகத்தைக்கூட நாங்க பாத்ததில்லைங்குது. இந்தத் தடவையும் நீ வரலைன்னா இனிமே எனக்குக் கடுதாசி போடாத.”

அதைப் படித்துவிட்டு அன்றைக்கே போய் அம்மை குத்திக்கொண்டேன். குத்தியதற்குச் சீட்டும் வாங்கினேன். மூன்றாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. வீட்டில் என் பெண்டாட்டி அழகம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“குத்துனா வந்தாலும் தானா வந்தாலும் முத்துப் போட்டா அது ஆத்தாதான். பேசாம படுங்க.”

அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வோமோ அம்புட்டும் செய்தாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. கறி மீன் நின்றது. வேப்பிலையையும் மஞ்சளையும் அம்மியில் வெண்ணெயாக அரைத்துக் குத்திய இடத்தில் வேளைக்கு ஒரு தரம் அப்பினாள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்து, புண் வாடி, கை மொழுமொழு என்று ஆகிவிட்டது. “பாத்தீங்களா, ஆத்தா இம்புட்டு சீக்கிரம் இறங்கிட்டா,” என்று பூரித்துப் போனாள். நானும் மெச்சிக்கொண்டேன். என்னைப் போல முட்டாள் மதுரை ஜில்லாவில் அன்றைக்கு வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை காலையில் மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். கடற்கரை மணலில் நீள நீளமாகக் கொட்டகைகள். இலங்கைக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் அங்கே உடம்பைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் சில நாள் தங்கி, நோய் நொடி இல்லை என்று தெரிந்த பிறகு போகலாம். என்னைப் போலச் சொந்தத்தில் போகிறவர்கள் உடம்பு சரியாக இருந்தால் அடுத்த ரயிலுக்கே கிளம்பலாம். எனக்குச் சொன்னவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, “எதுக்குப் போறீங்க?” என்றார்.

“காது குத்துக்கு.”

“யாருக்கு? உங்களுக்கா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “மருமகளுக்குய்யா. நான் தாய்மாமன்.”

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல தாய்மாமனுக்குக் கட்டம் இல்லீங்களே. தோட்ட வேலையா?”

“என்னையப் பாத்தா அப்பிடியா தெரியுது?”

“வியாபாரமா?”

“இல்ல.”

“அப்ப வேடிக்கை பாக்கத்தான்,” என்று சொல்லி, ‘காட்சி காண’ என்று எழுதிவிட்டார். ஏழு வருஷம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்கப் போகிறவனை, யானையையும் அருவியையும் பார்க்கப் போகிறவனாக ஆக்கிவிட்டாரே என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போட வாயைத் திறப்பதற்குள் டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். நான் சீட்டை நீட்டினேன்.

“சீட்டு சரியா இருக்கு. கைதான் சரியில்ல. குத்தினது எழும்பவே இல்லையே. மேல என்ன போட்டீங்க?”

“வேப்பிலை, மஞ்சள்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “மதுரைக்காரங்க வந்தா வாரத்துக்கு ஒருத்தர் இப்படித்தான். பச்சிலையைப் போட்டு மருந்தைக் கொன்னுட்டு வந்து நிப்பாங்க.” பிறகு என்னிடம், “மறுபடி குத்தறேன். எழும்புதான்னு பாத்துட்டுத்தான் விடுவேன். சனிக்கிழமை ஆகும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காது குத்து. எனக்குக் காது அடைத்துவிட்டது. கெஞ்சினேன். கத்தினேன். அழகம்மாவை ஆசை தீரத் திட்டினேன், அவள் எண்பது தொண்ணூறு மைல் அப்பால் இருந்தாள் என்ற தைரியத்தில். ஒன்றும் நடக்கவில்லை. கையில் நாலு இடத்தில் கீறி அனுப்பினார்கள்.

மச்சானுக்குத் தந்தி கொடுத்தேன். காது குத்தைத் தள்ளிப் போடச் சொல்லி. மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. நாள் மாற்ற முடியாது, எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பிறந்த வீட்டு ஆள் யாரையாவது அனுப்பவும் என்று. முகாமில் உட்கார்ந்துகொண்டு யாரை அனுப்ப?

அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னொரு கூத்தும் நடந்தது. தங்குகிறவர்களின் துணிமணியை எல்லாம் கொதிநீர் ஆவியில் போட்டு எடுப்பது அங்கே வழக்கம். செல்லம்மாவுக்கு வாங்கிய சிவப்புச் சுங்குடிச் சேலை சாயம் இறங்கி என் வேட்டிகள் அத்தனையும் ரோஜா நிறமாகிவிட்டன. மாற்றிக் கட்ட வெள்ளை வேட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. நான் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. சூளையில் நான் வந்தாலே பேச்சு நின்றுவிடும். அங்கே எனக்கு அந்த மரியாதை.

சோறு தகரத் தட்டில். கொட்டை கொட்டையான அரிசி, கத்திரிக்காய் போட்ட குழம்பு, ஆளுக்கு ஒரு அகப்பை. தோட்டத்துக்குப் போகிறவர்களோடு வரிசையில் நின்று வாங்க வேண்டும். முதல் நாள் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சோற்றின் குற்றம் இல்லை. யாரோடு நிற்கிறோம் என்ற நினைப்புதான். இதை மறைத்து எழுதிப் பிரயோசனம் இல்லை.

இரண்டாம் நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, “அய்யா, நீங்க கீழக்குயில்குடி பெரிய வீடுதானே?” என்றான். அது என் அப்பாவின் ஊர். அவன் பெயர் வீரன். சமணர் மலைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அவன் அப்பா எங்கள் வயலில் நாற்று நட்டவர், களத்தில் நெல் அடித்தவர். எங்கள் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தவர் இல்லை. வீரனும் அவன் பெண்டாட்டியும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள்.

“ஊருல வேலை இல்லாமப் போச்சாப்பா?” என்று கேட்டேன்.

“அது எப்பவும் உள்ளதுதானய்யா. எங்க அண்ணன் பத்து வருசத்துக்கு முன்னால இந்த இலங்கைக்குப் போனவன். எந்தத் தோட்டம்னு தெரியல. ஒரு தகவலும் இல்ல. அவனையும் தேடலாம்னுதான் வாரேன்.”

அவன் போகிற தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். தங்கை இருக்கிற பஜாருக்கு மேலே உள்ள மலைதான். அவர்கள் தங்க வேண்டிய நாள் முடிந்து, மறுநாள் கிளம்புகிறார்கள். அவர்கள் இரண்டு பேர் கையும் நன்றாக எழும்பிப் பொருக்குத் தட்டியிருந்தது. அரைத்துப் போட அவர்களிடம் மஞ்சள் இல்லை போலிருக்கிறது.

புதன்கிழமை காலை முழுக்க இடுப்பில் முடிந்திருந்த கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கொடுப்பதா வேண்டாமா? முன்பின் பழகாதவன், தங்கம், கடல் கடந்த தேசம். வீரன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். வேப்பிலை மஞ்சளில் ஆரம்பித்து நான் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குடுக்க மனசில்லைன்னா வேணாம்ய்யா. ஆனா கம்மலை இங்கன வச்சுக்கிட்டு நீங்க என்னா செய்யப் போறீங்க? உங்களுக்கா மாட்டிக்கிரப் போறீங்க?” என்றான். அந்தக் குமாஸ்தாவும் இதையேதான் கேட்டார். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன்.

“நேரா கடைக்குப் போ. செல்லம்மாகிட்ட மட்டும் குடு. அண்ணன் அனுப்புனாருன்னு சொல்லு,” என்றேன்.

“சொல்லிர்றேன்யா. போயிட்டு வாரேன்.”

வியாழன் கம்மலைப் பற்றிக் கவலைப்பட்டேன். வெள்ளிக்கிழமை கம்மல் மறந்து போயிற்று. காலை ஒன்பது மணிக்கு, இந்நேரம் பிள்ளையை யார் மடியில் உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மச்சானின் அண்ணன் தம்பி யாராவது உட்கார்ந்திருப்பார்கள், மாமியார் வாயைக் கோணியிருப்பாள், செல்லம்மா அடுப்படியில் நின்று அழுதிருப்பாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை வலிக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை டாக்டர் கையைப் பார்த்து, “பிரமாதம்!” என்றார். நாலு கொப்புளமும் கொழுகொழு என்று இருந்தன. சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இறங்குகிற ஊரிலும் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும் என்றார். ஓடிப் போகிற குற்றவாளிக்குக்கூட இத்தனை காவல் இருக்காது.

கப்பலில் இரண்டு மணி நேரம். கடல் குளம் மாதிரி கிடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தக் குளமே போதுமானதாக இருந்தது, தின்றதை எல்லாம் கக்கிவிட்டேன். அக்கரையில் ரயில் ஏறி விடிகிற நேரத்தில் வண்டி மாற வேண்டிய ஒரு ஸ்டேஷனில் இறங்கி, கொழும்புக்குப் போகிற பெட்டியில் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு சிங்களப் பெரியவர் என் ரயில் சீட்டைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி எதிர் வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் பிடித்தது இடது கை. நான் அலறியதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வண்டியில் பலகாரம் விற்ற ஒரு சிங்களத்துப் பெண் என் வேட்டியைப் பார்த்து ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்தில் இருந்த தமிழரிடம் என்னவென்று கேட்டேன். “கல்யாணப் பந்தல்ல இருந்து தப்பிச்சு ஓடியாந்த மாப்பிள்ளையான்னு கேக்குறா,” என்றார். அவளிடமே இரண்டு ரொட்டியும், மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பலும் வாங்கித் தின்றேன். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் ஊர்த் துவையலில் பாதி உறைப்புக்கூட இருக்காது.

ஊரா அது! வைகையில் எப்போது தண்ணீர் வரும் என்று வருஷம் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அங்கே பாறைக்குப் பாறை தண்ணீர் வழிகிறது. வீடெல்லாம் ஓடும் தகரமுமாக இருந்தன. இந்த ஈரத்தில் பச்சைக் கல் எந்தக் காலத்தில் காயும், இங்கே சூளை வைத்தவன் தெருவில்தான் நிற்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு முன்னால் போய் நின்றேன். செல்லம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்தில் இளைத்துப் போயிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மீனா நின்றாள். இரண்டு காதும் சிவந்து, தேங்காயெண்ணெய் வழிய, நான் அனுப்பிய கம்மல். அப்பாடா என்றிருந்தது.

“வாடியம்மா, மாமன்கிட்ட வா,” என்று கையை நீட்டினேன்.

பிள்ளை என்னையும் வேட்டியையும் பார்த்தது. “இவுக மாமா இல்ல. மாமா தோட்டத்துல இருக்காக,” என்றது.

“எந்த மாமா?”

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வீரண்ணே,” என்றாள். “அவரு மடியில வச்சுத்தான் குத்துனோம்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “யாரு மடியில? அவன் யாரு, அவன் அப்பன் யாருன்னு தெரியுமா ஒனக்கு? நம்ம வாசல்ல…” அதற்கு மேல் நான் பேசியதை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை.

நான் முடிக்கும் வரை அவள் கேட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். “தெரியும்ண்ணே. அவரே சொன்னாரு. நான் உக்கார மாட்டேன் தாயீ, கம்மலக் குடுத்துட்டுப் போறேன்னாரு. நாந்தான் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். எங்க மாமியா, யாருடி இந்த ஆளுன்னுச்சு. எங்க அண்ணன் அனுப்புன ஆளு, எங்க ஊரு, எனக்கு அண்ணன்தான்னேன். ஏழு வருசமா இந்த வீட்டுல எனக்கு யாரும் இல்ல. அவரு உக்காந்திருந்த அரை மணி நேரந்தான் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதையும் வேணாங்கிறியா?”

நான் அங்கே கிடந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மழை, வெயில், சூளை என்று சொல்லவா? வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் மச்சான் என் மண்டபத்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, “காட்சி காணன்னு போட்டிருக்கே!” என்று சிரித்தார். குமாஸ்தா சரியாகத்தான் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் போய் நாக்கையும் கையையும் காட்டிவிட்டு, மலை ஏறினேன். கையில் செல்லம்மா கட்டிக் கொடுத்த பலகாரம். தாய்மாமனுக்கு என்று அவள் எனக்காக எடுத்து வைத்திருந்த புது வேட்டி துண்டையும் வெள்ளிக்கிழமையே அவனுக்குக் கொடுத்துவிட்டாளாம். நல்லதாயிற்று.

தோட்டத்து முகப்பில் ஒரு காவல்காரர், தமிழர்தான், மறித்தார். அங்கேயும் ஒரு நோட்டுப் புத்தகம். மண்டபத்துச் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“காட்சி காண வந்தவுகளுக்கு லயத்துப் பக்கம் போக உத்தரவு இல்ல. ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போங்க.” லயம் என்பது வேலைக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள்.

“நான் வீரனைப் பாக்கணும். புதுசா வந்தவன், மதுரைப் பக்கம்.”

“சொந்தக்காரவுகன்னா விடுவோம். நீங்க அவருக்கு என்ன வேணும்?”

இதற்கு முன் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊரில் கேட்டிருந்தால் அடித்திருப்பேன். காவல்காரர் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“என் மருமகளுக்கு நான் தாய்மாமன். வீரனும் அவளுக்குத் தாய்மாமன். அப்ப நாங்க ரெண்டு பேரும் என்ன முறை? நீங்களே சொல்லுங்க.”

“இதுல என்னா யோசனை? அண்ணன் தம்பிதான்.”

“அதையே எழுதிக்கங்க. நான் மூத்தவன்.”

எழுதிக்கொண்டார். அதோடு விடவில்லை, சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி அம்மை குத்தியதையும் பார்த்தார். பிறகு மேட்டில் ஏறி நின்று, செடிகளுக்கு மேலே வாயைக் குவித்துக் கூவினார். “ஏய் வீரா! ஒன்னையப் பாக்க ஒங்க அண்ணன் வந்திருக்காருடா!”

அவன் தேடுகிற அண்ணன் நினைவு வந்து அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, தடுத்திருக்கலாம். மேலே சரிவில் ஒரு தலை நிமிர்ந்தது. வீரன் போர்த்தியிருந்த சாக்கை உதறிப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வழியில் வராமல் செடிகளுக்குள் புகுந்து, விழுந்து எழுந்து ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை. அது எனக்கானது இல்லை. என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தான். காவல்காரருக்குப் பின்னால் பார்த்தான். மறுபடியும் ரோட்டைப் பார்த்தான்.

“நாந்தான் வீரா,” என்றேன். “உள்ள விட மாட்டேன்னாங்க. அண்ணன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்க.”

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் வேட்டியைப் பார்த்தான். கையில் கொப்புளத்தைப் பார்த்தான்.

“இந்தத் தடவ ஒண்ணும் அரைச்சுப் போட்றாதீங்க,” என்றான். பலகாரப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பினான். நான் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, “வாங்கண்ணே, தேத்தண்ணி குடிப்போம்,” என்றான்.